இடுப்பளவு

“டீச்சர், துப்பாக்கிய எங்க வச்சா வெளிய தெரியாது?”

படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் பூதலிங்கம் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அறையில் வேறு ஆள் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார். நல்ல காலம், ஆறு தையல் மிஷின்களும் ஒரு வெட்டு மேசையும் தவிர யாரும் இல்லை.

சுகிர்தம் டீச்சர் தலை நிமிரவில்லை. ஒரு ஜாக்கெட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

நாகர்கோவிலில் ஒரு டீக்கடைக்கு எதிர் மாடியில் தையல் வகுப்பு நடத்துகிறவர் அவர். பூதலிங்கத்தைவிட இருபது வயது இளையவர். மப்டியில் போகும் போலீஸ்காரர்களுக்குத் துணிக்குள் துணியாகப் பை வைத்துத் தைப்பதில் கைகாரி. ஓர் ஏட்டுதான் பூதலிங்கத்தை இங்கே அனுப்பி வைத்தார். பை தைத்து வாங்குவதோடு நிறுத்திவிடாமல் அவர் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

“லைசென்ஸ் இருக்கா?”

“இருக்கு.” சட்டைப் பையில் தயாராக வைத்திருந்ததை எடுத்து நீட்டினார்.

டீச்சர் அதை வாங்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“யாருக்குத் தெரியக் கூடாது?”

“யாருக்குமே.”

அப்போதுதான் டீச்சர் அவரை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார்.

“கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாருங்கோ அண்ணாச்சி.”

துப்பாக்கிக்குப் பை கேட்டால் டீ குடிக்கச் சொல்கிறாரே என்று பூதலிங்கத்துக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் போனார். குடித்தார். திரும்பி ஏறி வந்தார்.

“வலது இடுப்புல இருக்கு, சட்டைக்கு அடியில” என்றார் டீச்சர். ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தார்.

“தெரியுதா?”

“கிளாஸ எடங்கையால வாங்கினியோ. பெஞ்சுல எடம் கிடந்தும் இருக்கல்ல. ஒரு டீ தீருகதுக்குள்ள எட்டு மட்டம் தொட்டுப் பாத்தியோ. பிள்ளத்தாச்சிகூட வயித்த இந்தத் தடவு தடவ மாட்டா.”

பூதலிங்கத்தின் கை அப்போதும் அங்கேதான் இருந்தது. சட்டென்று எடுத்தார்.

“நான் துப்பாக்கியப் பாக்கல்ல அண்ணாச்சி. ஒங்களத்தான் பாத்தேன்.”

அவ்வளவுதான். பிரித்த கையை மறுபடி ஜாக்கெட்டில் வைத்துத் தைக்க ஆரம்பித்துவிட்டார்.

⁂

பூதலிங்கம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் ஊர் நிலத்தை அளந்தவர். கடைசி வருஷம் ஒரு கல்குவாரியை அளந்தார். குவாரி குளத்துக்கரைக்குள் நுழைந்து நாற்பது சென்ட்டைத் தின்றிருந்தது. இருந்ததை இருந்தபடி எழுதினார். அதில் வீரம் ஒன்றும் இல்லை. அவருக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது, அவ்வளவுதான்.

இப்போது வழக்கு சாட்சி விசாரணைக்கு வந்திருக்கிறது. அளந்த கை அவருடையது என்பதால் அவர் ஒரே சாட்சி.

இதனால் அவர் சாப்பாடு குறையவில்லை, தூக்கம் கெடவில்லை. ஒரு நாள் காலை பள்ளிக்கூட வாசலில் ஒருவன் வந்து பக்கத்தில் நிற்கும்வரை.

“பேத்தியக் கொண்டு விட நீங்கதான் வாறியோ? தினமுமா? நல்லது” என்றான் அவன். சிரித்தான். போய்விட்டான்.

ஒரு கெட்ட வார்த்தை பேசியிருந்தால்கூடப் பூதலிங்கம் தாங்கியிருப்பார். பீரோவில் பல வருஷமாகச் சும்மா கிடந்த லைசென்ஸ் துப்பாக்கியை மறுநாளே எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பேத்தி பெயர் வேணி. ஏழு வயது. அவளுடைய அம்மா, பூதலிங்கத்தின் ஒரே மகள், மஸ்கட்டில் நர்ஸ். பிள்ளை வளர்வது தாத்தா பாட்டியிடம். தாத்தாவைக் கண்டால் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்கிற பிள்ளை.

⁂

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

பூதலிங்கம் கணுக்காலில் கட்டும் உறை ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்தார். வேட்டிக்கு அடியில் கட்டிப் பார்த்தார். கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. யானையையே ஒளித்துவிட்டவர் போல வெளியே இறங்கினார்.

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. ஊரே வேட்டியை மடித்துத் தொடை தெரியக் கட்டிக்கொண்டு நடந்தது. பூதலிங்கம் ஒருவர் மட்டும் வேட்டியை அவிழ்த்து விட்டபடி, கல்யாண வீட்டில் சம்பந்தி வருவதைப் போல, தண்ணீரை இழுத்துக்கொண்டு வந்தார்.

டீக்கடை மாசிலாமணி விடுவாரா?

“அண்ணாச்சி, முன்னால யாராவது பெரிய மனுஷன் போறாரா? இவ்வளவு மரியாதயா வாறியோ!”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை கண்ணும் அவர் வேட்டி நுனியில் வந்து நின்றது.

மாடிக்கு ஏறியபோது படியெல்லாம் தண்ணீர் சொட்டியது. டீச்சர் ஒரு பழைய துணியை எடுத்து நீட்டினார்.

“எடது காலா, வலது காலா? அது மட்டும் தெரியல்ல.”

பூதலிங்கத்துக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டும் வராமல் பார்த்துக்கொண்டார்.

“யாருக்குத் தெரியக் கூடாது?” டீச்சர் மறுபடி கேட்டார்.

“குவாரிக்காரன் ஆளுகளுக்கு.”

“தெரிஞ்சா நல்லதுதானே. பயப்படுவானுவோ.”

“தெரிஞ்சா அவனும் ஒண்ணு வாங்குவான். நான் ஒண்ணு வச்சிருக்கேன்னா அவன் நாலு கொண்டாருவான்.”

“தெரியாம இருந்தா?”

“தெரியாம இருந்தா...” பூதலிங்கம் யோசித்தார். தெரியாமல் இருந்தால் அவன் அதற்காக வராமல் இருக்கப் போவதில்லை. அவன் பாட்டுக்கு வருவான்.

“அப்பம் அது பதில் இல்ல” என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. வேட்டியைப் பிழிந்துவிட்டுப் போகச் சொன்னார்.

⁂

மூன்றாவது தடவை வந்தபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. கால் போன போக்கில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வகுப்பு முடிந்து பெண்கள் ஒவ்வொருவராகப் போகும்வரை டீச்சரும் ஒன்றும் கேட்கவில்லை.

“இண்ணைக்கு பேத்திக்க பொறந்த நாளு டீச்சர்.”

“சந்தோஷம்லா?”

“கோயிலுக்குப் போனோம். நான் உள்ள போகல்ல.”

டீச்சர் அவரைப் பார்த்தார். இடது கை உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் விலகியே தொங்கியது. சட்டைக்கு அடியில், கக்கத்தில், பட்டை போட்டுக் கட்டியிருந்தார்.

விஷயம் அவ்வளவுதான். அந்தக் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பிறந்ததிலிருந்து போய் வருகிற கோயில். வாசலில் நின்று மேல் பொத்தானைக் கழற்றும்போதுதான் பூதலிங்கத்துக்கு உறைத்தது. நெஞ்சு வலிக்கிற மாதிரி இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, செருப்புப் பாதுகாக்கிற இடத்தில் போய் நின்றுகொண்டார். வேணி பாட்டியோடு போய்விட்டு வந்தாள். இலையில் இருந்த சந்தனத்தை, கையை முடிந்த அளவு நீட்டி, எட்ட நின்றே கொடுத்தாள்.

“இத்தன காலத்துல அவ பொறந்த நாளைக்கு நான் வெளிய நின்னதில்ல” என்றார்.

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். இந்தத் தடவை மெல்லக் கேட்டார்.

“யாருக்குத் தெரியக் கூடாது அண்ணாச்சி?”

கீழே மாசிலாமணி டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

“எனக்க பேத்திக்கு” என்றார். “தாத்தா பயந்துபோயி இருக்கேன்னு அவளுக்குத் தெரியக் கூடாது.”

“நான் துப்பாக்கியப் பத்திக் கேட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்.”

பள்ளிக்கூட வாசலில் வந்தவனைப் பற்றி அப்போதுதான் சொன்னார். மனைவியிடம்கூட அதுவரை சொல்லவில்லை.

டீச்சரின் கண் கலங்கியிருந்ததை அவர் பார்த்தார். பார்த்ததும் இவருக்கும் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எழுந்திருங்கோ” என்றார் டீச்சர். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தார். “தச்சுத் தாறேன்.”

⁂

தோல் வேண்டாம் என்றார் டீச்சர். கோயிலுக்குள் போக வேண்டுமே. கெட்டி காடாத்துணியில், நான்கு மடிப்பாக, வயிற்றுக்கும் வேட்டிக்கும் நடுவே படிகிற மாதிரி ஒரு கச்சை தைத்தார். தொப்புளுக்குக் கீழே, வேட்டி முடிச்சுக்கும் கீழே, உள் நிக்கரோடு சேர்த்து ஒரு பை.

பூதலிங்கம் திரை மறைவில் போய்க் கட்டிக்கொண்டு வந்தார்.

“வேட்டிய மடிச்சுக் கட்டுங்கோ.”

கட்டினார்.

“சட்டையக் கழத்துங்கோ.”

கழற்றினார்.

“பந்தியில இருக்க மாதிரி தரையில சம்மணம் போடுங்கோ. குனிஞ்சு இலையில தண்ணி தெளிங்கோ.”

எல்லாம் செய்தார். டீச்சர் சுற்றி வந்தார். முன்னே நின்று பார்த்தார், பின்னே நின்று பார்த்தார், ஜன்னல் பக்கம் போய்த் தூரத்திலிருந்து பார்த்தார்.

“எனக்கே தெரியல்ல” என்றார்.

பூதலிங்கத்துக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிட்டும் விட்டார்.

ஒரு வாரம் மனுஷன் ராஜா மாதிரி நடந்தார். கோயிலுக்குப் போனார். ஒரு கல்யாணத்தில் மூன்று பாயசமும் சாப்பிட்டார். மழையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மாசிலாமணி கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, வலது கையால் கிளாஸை வாங்கினார். தொட்டுப் பார்க்கவே இல்லை.

அந்த ஜோரோடு மாடிக்கு வந்தார்.

“ஒருத்தருக்கும் தெரியல்ல டீச்சர்!”

“ஒருத்தருக்குமா?”

“ஒருத்தருக்கும்!”

டீச்சர் வெள்ளைத் துணிச் சுருள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார்.

“சாட்சி என்னைக்கு?”

“வியாழக்கிழம.”

“கோர்ட்டுக்குப் போட ஒரு நல்ல சட்ட தைக்கேன். நாளைக்கு பேத்தியக் கூட்டிட்டு வாருங்கோ. அவ அளவெடுக்கட்டு.”

“அவளா? அவளுக்கு என்ன தெரியும்?”

“பாப்போம்.”

⁂

வேணி வந்தாள். மிஷின்களை எண்ணினாள். ஒரு டப்பா நிறைய இருந்த பொத்தான்களை அனுமதி கேட்டுவிட்டுக் கையால் அளைந்தாள்.

டீச்சர் அளவு நாடாவை அவள் கழுத்தில் மாலை போலப் போட்டார். பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை.

“தாத்தாக்க கை நீளம் எடு மக்ளே.”

எடுத்தாள். இருபத்து மூன்று என்று சத்தமாகப் படித்தாள். டீச்சர் நோட்டில் எழுதினார்.

“தோள்.”

தாத்தா குனிந்து கொடுத்தார். அதையும் எடுத்தாள்.

“இப்பம் வயித்தளவு. சுத்திப் பிடிச்சு எடுக்கணும்.”

வேணி நகரவில்லை.

“எடு மக்ளே.”

“அங்க தொடக் கூடாது.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல்ல.”

பூதலிங்கம் சிரித்து மழுப்பப் பார்த்தார். “வா பிள்ளே, சும்மா வா” என்று கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே அவருடைய கால் ஓர் அடி பின்னால் போனது. அவர் போகச் சொல்லவில்லை. அதுவாகப் போனது.

டீச்சர் பிள்ளை முன் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

“எங்க தொடக் கூடாது? காட்டு பாப்போம்.”

வேணி விரல் நீட்டினாள். தொப்புளுக்குக் கீழே, வேட்டி முடிச்சுக்கும் கீழே. ஓர் அங்குலம் தப்பவில்லை.

“முன்ன இங்க இருந்திச்சு” என்று தன் வலது இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். “பொறவு காலுல. பொறவு கக்கத்துல, எனக்க பொறந்த நாளுக்கு. இப்பம் அங்க.”

“என்ன இருந்திச்சு மக்ளே?”

வேணி தாத்தாவைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை அது.

“பயம்” என்றாள்.

டீச்சர் நோட்டை மூடி வைத்தார்.

“நான் கிட்டப் போனா தாத்தா கூடுதலாப் பயப்படுகாவ. அதான் நான் போக மாட்டேன்.”

⁂

பூதலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

பிள்ளை பின்னால் வரப் பார்த்தது. டீச்சர் பொத்தான் டப்பாவைக் காட்டி, நிறம் நிறமாகப் பிரித்துத் தரச் சொன்னார்.

பச்சை முடிந்து, மஞ்சள் முடிந்து, வெள்ளையில் பாதி ஆகும் வரை அவர் வரவில்லை. அவர் போன இடம் பக்கத்துத் தெரு போலீஸ் ஸ்டேஷன். ரிவால்வரையும் லைசென்ஸையும் மேசைமேல் வைத்தார். இதை இங்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கும் என் பேத்திக்கும் மிரட்டல் இருக்கிறது, எழுதித் தருகிறேன், வியாழக்கிழமை துணைக்கு ஆள் வேண்டும் என்றார். பள்ளிக்கூட வாசலில் அவன் கேட்டதை அப்படியே எழுதினார். தான் பயந்ததையும் மறைக்கவில்லை.

திரும்பும் வழியில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“மாசிலாமணி, எனக்குப் பயமா இருக்குடே” என்றார்.

மாசிலாமணி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை மடித்தார்கள்.

மாடிப்படியில் அவர் காலடிச் சத்தம் கேட்டபோது, கீழே தெருவிலிருந்து மாசிலாமணியின் குரலும் கூடவே ஏறி வந்தது.

“அண்ணாச்சி, காலைல பள்ளிக்கூடத்துக்கு எத்தன மணிக்கு எறங்குவியோ?”

“எட்டரைக்கு!”

“நாங்க நாலு பேரு வாறோம். எட்டே காலுக்கு வீட்டு நடையில நிப்போம். வியாழக்கிழம கடைக்கு லீவு, கேட்டியளா?”

பூதலிங்கம் உள்ளே வந்தார். அறை நடுவில் நின்றார். இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கினார்.

“வயித்தளவு பாக்கி நிக்கில்லா” என்றார்.

வேணி கொஞ்ச நேரம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். டப்பாவைத் தள்ளி வைத்தாள். நாடாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

நாடாவின் ஒரு முனை ஒரு கையில், மறுமுனை மறுகையில். கன்னம் தாத்தாவின் வயிற்றில் அழுந்தியிருந்தது. பூதலிங்கம் பின்னால் போகவில்லை. தூக்கிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்று அழுதார்.

டீச்சர் நோட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தார்.

“எவ்வளவு மக்ளே?”

“கை எட்டல்ல.”

“அப்பம் விடு. நான் எடுக்கேன்.”

“வேண்டாம்” என்றாள் வேணி. “நான் இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுப் பாக்கேன்.”